ஆடியில் நின்றுபோன கைதட்டல்

ஆடி ஒன்றாம் தேதி ஜீவிதா நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி நடந்திருந்தாள். கைதட்டல் வரவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை அலாரம் அடித்தது. டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி, ஆறவைத்த வெந்நீரை ஊற்றி விழுங்கினாள். வழக்கமாக அந்தத் தண்ணீர் தொண்டையை விட்டு இறங்குவதற்குள் போன் ஒருமுறை சிணுங்கும். திரையில் மஞ்சள் நிறத்தில் இரண்டு கைகள் வந்து தட்டிக்கொள்ளும். 'உங்கள் குடும்ப ஆதரவாளர் உங்களைப் பாராட்டுகிறார்' என்று கீழே எழுத்து வரும். சில நாள் எட்டு ஐந்துக்கு, சில நாள் எட்டேகாலுக்கு. பங்குனி மாதத்திலிருந்து நாலு மாதமாக வராமல் இருந்ததே இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்பா சோலைமுத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் எப்போதும்போலத்தான் உட்கார்ந்திருந்தார். போன் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. கட்டைவிரல் மேலும் கீழும் போனது. ஒன்பது மணிக்கு எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

கோபம்தான் என்று ஜீவிதா முடிவு கட்டினாள்.

போன வருஷம் வைகாசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்தார்கள். கொடுத்தது அம்மா சண்முகவள்ளி. ஆனால் முதலில் முன்னால் வந்து நின்றது அப்பா. "என்னுத எடுத்துக்கங்க" என்று அந்த இடத்திலேயே சட்டைப் பொத்தானைக் கழற்றினார், அப்போதே படுக்கவைத்து எடுத்துவிடப் போகிறார்கள் என்பதுபோல. சோதித்துப் பார்த்ததில் அவருக்குச் சர்க்கரை இருந்தது. அதுநாள்வரை அவருக்கே தெரியாது. ஆகாது என்றுவிட்டார்கள். பொத்தானைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்தான், அதற்குப் பிறகு மகள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் மனைவியிடம் கேட்பார். "அவ சாப்டாளா?" என்பார். ஜீவிதா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

அம்மா அப்படி இல்லை, வாய் ஓயாது. ஆனால் அந்தப் பேச்சு முழுக்க எச்சரிக்கை. அதைத் தொடாதே, இதைத் தின்னாதே, மாஸ்க்கைப் போடு, தள்ளி நில்லு. அகரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே செண்டுப்பூவும் சம்பங்கியும் போட்டிருந்தார்கள். வேலியைத் தாண்டி ஜீவிதா போகக் கூடாது. மருந்தடித்த செடி, எரு போட்ட மண், எல்லாம் கிருமி. கல்யாண வீடு கூடாது, கோயில் கூட்டம் கூடாது. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை. துடைத்து, மேல் தட்டில் வைத்துவிட்ட கண்ணாடிச் சாமான்போல அவள் இருந்தாள். இரண்டாம் வருஷத்தில் நின்றுபோன கல்லூரிக்கு வயது நாலு ஆகிவிட்டது. கூடப் படித்தவர்கள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் தவழ்கிற படத்தைக் குழுவில் போட்டார்கள். இவளும் ஒரு பொம்மையைப் போடுவாள், சிரிக்கிற முகம். அதோடு சரி.

கார்த்திகை மாதம் ஆறாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோதுதான் அந்தக் கைப்பட்டையைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் ஆரிபா. மாற்று சிகிச்சை ஆனவர்களைக் கவனித்துக்கொள்கிற ஒருங்கிணைப்பாளர். திண்டுக்கல்காரர் என்பதால் ஜீவிதாவிடம் கொஞ்சம் கூடுதல் உரிமை.

"இந்த மாத்திரை இருக்கே, இது ஒடம்பப் போட வைக்கும், சர்க்கரைய ஏத்தும், எலும்பத் தேய்க்கும். ஆனா இது இல்லாம ஒங்கம்மா குடுத்தது உள்ள தங்காது. அதுனால நடக்கணும். நடந்தாத்தான் எல்லாம் கட்டுல இருக்கும். புரியுதாடா? ஒரு நாளைக்கு நாலாயிரம் அடி. இந்தப் பட்டை எண்ணிக்கிரும், போன்ல ஏறிரும், எனக்கும் தெரியும்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். வீட்டில் யாராவது ஒருவர் நம்பர் வேண்டும். தினமும் எட்டு மணிக்கு அந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும். இன்னார் இன்று இத்தனை அடி நடந்தார் என்று இருக்கும். அதன் கீழே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் நடந்தவர் போனில் கைதட்டல் வரும்.

"தனியா நடக்குறவங்க மூணாம் மாசத்தோட நிறுத்திடறாங்க. யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தா நிறுத்துறதில்ல. நாங்க கண்டது அது."

ஜீவிதா ரத்தம் கொடுக்கிற வரிசையில் நின்றாள். நம்பர் கொடுக்க அப்பாதான் கவுண்டருக்குப் போனார். போய்விட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் உட்கார்ந்தார்.

முதல் நாலு மாதம் ஒருவரும் தட்டவில்லை. ஜீவிதாவும் பெரிதாக நடக்கவில்லை. ஆரிபா போன் பண்ணப்போகிற நாள் என்றால் முந்தின நாள் நடப்பாள். மற்ற நாளெல்லாம் கைப்பட்டை சாமி படத்துக்குக் கீழே கிடக்கும். பங்குனி ஏழாம் தேதி, என்னவோ மனசு கேட்காமல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி நடந்தாள். எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டாள். போன் சிணுங்கியது. மஞ்சள் கைகள் தட்டின.

அன்றைக்கும் அப்பா வாசலில்தான் இருந்தார். பெரிய போன் வாங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வெளிச்சம் முகத்தில் அடிக்க, கட்டைவிரலால் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். ஜீவிதா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று இருந்தது. அப்பாவிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார். வாயால் வராதது விரலால் வருகிறது, வந்தால் போதும்.

அதற்கப்புறம் ஒருநாள் தவறவில்லை. விடிந்ததும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வீட்டிலிருந்து குடகனாற்றுப் பாலம்வரை போய்த் திரும்பினால் நாலாயிரம் ஆகும். ஆற்றில் தண்ணீர் கிடையாது, சீமைக்கருவேல்தான். பாலத்துக் கட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். ஒரு வேலையும் இல்லாமல் ஒரு பெண் ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்தால் ஊர் சும்மா விடுமா. தெருமுனையில் உட்கார்ந்து பூக்கட்டுகிற அன்புமணிக்கு அவள்தான் காலை நேரத்துப் பொழுதுபோக்கு.

"ஏத்தா, ரோட்ட அளந்து முடிச்சிட்டியா, இன்னம் பாக்கி இருக்கா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு, சித்தி."

"நீ நடக்குற நடைக்கு இந்நேரம் வடமதுரைக்கே போயிருக்கலாம்டி."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீவிதா மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். வடமதுரை என்று அன்புமணி சொன்னது வாய்தவறி அல்ல. அம்மாவின் அண்ணன் வீடு அங்கேதான். மாமா மகன் பிரபு அவளுக்கு முறை மாப்பிள்ளை. இவளுக்கு அவன்தான் என்று தொட்டில் நாளிலிருந்து பேச்சு. ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளெல்லாம் அவன்தான் கார் ஓட்டினான், அவன்தான் வரிசையில் நின்றான், டாக்டர் சொன்னதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்னதும் அவன்தான். கார்த்திகைவரை வந்தான். மார்கழியில் வரவில்லை. தை மாதம் சித்தையன்கோட்டையில் பெண் பார்த்தார்கள். மாசியில் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. அம்மா அதைப் பிரிக்காமல் அரிசி டிரம்முக்கு அடியில் போட்டு வைத்தாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு வார்த்தை கிடையாது.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் ஒன்று நடந்தது. தாடிக்கொம்பில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். மாஸ்க்கோடு ஓரமாக உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலை. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜீவிதா அதைச் சொன்னாள்.

அப்பா அம்மாவைப் பார்த்து, "சும்மா இருக்கச் சொல்லு" என்றார்.

ஜீவிதாவுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "நான் இங்கதானப்பா உக்காந்திருக்கேன். என்கிட்டயே சொல்லுங்க" என்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார். "ஏண்டி இப்படிப் பேசுற" என்று அம்மா அழுதாள்.

மறுநாள் கைதட்டல் இல்லை. ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போட அவளுக்கு வேறென்ன வேண்டும்?

நடந்து சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாள். ஆடி இரண்டு, ஆறாயிரம். வரவில்லை. நாலாம் நாள் பாலத்தைத் தாண்டிப் போய் எட்டாயிரம் நடந்தாள். வரவில்லை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, வீட்டுக்குள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் என்று நடந்தாள். ஏழாம் நாள் பதினோராயிரம் காட்டியது. எட்டு மணிக்குப் போனைத் தரையில் வைத்து அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசலில் விரலை நகர்த்திக்கொண்டுதான் இருந்தார். ஒரு பொத்தான். அதை அமுக்க என்ன கனம்?

ரப்பர் செருப்பு வலது குதிகாலை அறுத்திருந்தது. கொப்புளம் உடைந்து நீர் வடிந்ததை அவள் அம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் நடக்க விடமாட்டாள். மஞ்சளை இழைத்துப் போட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு எட்டாம் நாளும் நடந்தாள். ஒன்பதாம் நாள் குதிகால் சிவந்து மினுமினுத்தது. பத்தாம் நாள் காலையில் காய்ச்சல் நூற்றியொன்று காட்டியது.

மற்றவர்களுக்கு அது ஒரு கொப்புளம். மாற்று உறுப்புக்காக எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கிவைத்திருக்கிற உடம்புக்கு அது தீ. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்பா ஓடிப்போய் வாடகை வண்டி பிடித்து வந்தார். மதுரை போகிறவரை முன்சீட்டில் உட்கார்ந்து, ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல், டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கண்ணாடியில் பின்சீட்டு தெரியும் என்று ஜீவிதாவுக்குத் தோன்றவில்லை. காய்ச்சல்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்குச் சேதம் இல்லை என்று தெரிந்தது. அம்மா இட்லி வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் ஆரிபா கையில் டேப்லெட்டோடு வந்து கட்டிலோரம் நின்றார்.

"பதினோராயிரம். யாரு நடக்கச் சொன்னா? பழனிக்கு வேண்டுதலா?"

ஜீவிதா சுவரைப் பார்த்தாள்.

"நாலாயிரம்னா நாலாயிரம்தான். நான் போன வாரம் லீவு. இல்லாட்டி அன்னைக்கே புடிச்சிருப்பேன். என்னடா ஆச்சு, சொல்லு."

"அப்பா தட்டுறத நிறுத்திட்டாரு மேடம்" என்றாள் ஜீவிதா. சொன்னதும் அழுகை வந்தது. மாஸ்க் நனைந்தது. இருபத்து நாலு வயதில் இதற்கு அழுவதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆரிபா டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"அப்பாவா? இங்க அப்பா பேரு இல்லயே. ஒனக்கு ஆதரவாளர்னு பதிஞ்சிருக்குறது பிரபு. உறவுன்னு போட்டிருக்குற எடத்துல 'கட்டிக்கப் போறவர்'னு இருக்கு. நான் இத்தன நாளா ஒனக்குக் கல்யாணம் ஆகப்போகுதுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

வார்டில் யாரோ இருமினார்கள். ஜீவிதா எழுந்து உட்கார்ந்தாள்.

அப்பாவிடம் கார்த்திகையில் இருந்தது பொத்தான் போன். வாட்ஸ்அப் கிடையாது. நம்பர் கேட்டபோது, அன்றைக்குக் கார் ஓட்டி வந்து பக்கத்தில் நின்ற மருமகனின் நம்பரைச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு அவன்தானே எல்லாம், அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று. உறவு என்ன என்று கேட்டதற்கு மறைக்காமல் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். பிறகு நடந்த எதிலும் இந்த நம்பர் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அவரு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு மேடம்."

ஆரிபா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாவே" என்றார் மெதுவாக. பிறகு, "இப்பவே எடுத்துடறேன். அம்மா நம்பர் போடட்டுமா?"

"செத்த இருங்க மேடம். வர்ற வாரம் சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் போனில் பூ விவசாயிகள் குழு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவரவர் ஊரில் மழை உண்டா இல்லையா என்று எழுதியிருந்தார்கள். நாலு மாதமாக அவர் விரல் தள்ளிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவள் நிற்பதை உணர்ந்து அவர் பாதி திரும்பினார். போனைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார், ஏதோ தப்புப் பண்ணிப் பிடிபட்டவர்போல.

"அய்யலூர்ல மழையாம்" என்றார். "நமக்கு இல்ல."

"ம்" என்றாள்.

அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நாலு மாதம் தான் நெஞ்சில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த ஓர் அப்பா இல்லாமல் போய்விட்டார், அவ்வளவுதான். இவர் வேறு. இவர் மழைக்குக் காத்திருப்பவர்.

அப்படியானால் தட்டியது பிரபு. அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. கார்த்திகையிலிருந்து மாசிவரை அந்தச் செய்தி தினமும் அவனுக்குத்தான் போயிருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவனாக இருந்தபோது ஒருநாள்கூடத் தட்டவில்லை. இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டிவிட்டு வந்து பங்குனியில் தட்ட ஆரம்பித்தானா? இரக்கமா? பாவத்தைக் கழுவுகிற வேலையா? அவன் தட்டலில்தான் தான் இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தோமா? அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள்? நம்பரை எடுத்துவிடச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எடுத்துவிட்டால் எட்டு மணிக்கு என்ன மிஞ்சும் என்பதையும் அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. குதிகால் ஆறும்வரை நடையில்லை. காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை, இடையில் சுவர்.

மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள், அம்மா பூப்பறிக்கப் போயிருந்த நேரத்தில், அந்த நம்பருக்கு அவளே போன் போட்டாள். 'இனிமே தட்டாதீங்க' என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவது. பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

எடுத்தது ஒரு பெண்குரல். "யாரு?"

அத்தை. மாமாவின் மனைவி, பிரபுவின் அம்மா. ஜீவிதாவுக்கு வைத்துவிடலாமா என்று இருந்தது.

"நான் ஜீவிதா, அத்தை."

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் குறைந்தது. "ஏடி... நல்லா இருக்கியா? ஒங்கம்மா பேசச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான். அவரு இல்லயா?"

"அவன் ஓசூருக்கு லோடு கொண்டு போயிருக்கான். இது அவன் நம்பரு இல்லத்தா இப்ப. கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுல புதுப் போனு, புது நம்பருன்னு எடுத்துக் குடுத்துட்டாங்க. இதுல கேஸு, ரேஷன் எல்லாம் பதிஞ்சிருக்குல்ல, அதுனால வீட்டுலயே அடுப்படில கெடக்கு. என்னத்தா விசயம்?"

"அந்தப் போன்ல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிச் செய்தி வருமா அத்தை?"

"அதா? டிங்குனு ஒரு சத்தம் வரும். நான் அதத் தொடுறதில்லத்தா, எனக்குத் தெரியாது. மருமகதான் எடுத்து என்னமோ அமுக்குவா. தெனமும். என்னடி அதுன்னு ஒருநா கேட்டேன். யாரோ நடக்குறாங்கத்தேன்னா."

ஜீவிதா போனை மறுகாதுக்கு மாற்றினாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட அவளுக்குச் சட்டென்று வரவில்லை. பத்திரிகையைப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

"செய்தில என் பேரு வருமே" என்றாள் கடைசியில்.

அத்தை பெருமூச்சு விட்டது கேட்டது. "வருது. ஜீவிதான்னா யாருத்தேன்னு கேட்டா. நான் மறைக்கல. இன்னாருன்னு சொன்னேன். அன்னைக்கு அவ ஒண்ணும் பேசல. சரி, இனிமே தொடமாட்டான்னு நெனச்சேன். மறுநா எட்டு மணிக்கு அடுப்படில போயி நின்னுக்கிட்டு இருக்கா. அவளும் பாவம்டி. இவன் வண்டியெடுத்துட்டுப் போனா மூணு நாளு. நான் நாடகத்துக்கு முன்னால உக்காந்துட்டா எந்திரிக்க மாட்டேன். ஒங்க மாமா தெரிஞ்சதுதான். அவ யாருகூடப் பேசுவா? ஒருநா சோத்த அப்படியே வச்சிட்டா. என்னடின்னு கேட்டா, இன்னைக்கு அவங்க முன்னூறு அடிதான் நடந்திருக்காங்க, ஒடம்புக்கு என்னவோங்குறா."

அந்த நாள் ஜீவிதாவுக்கு ஞாபகம் இருந்தது. வைகாசியில், ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் முடிந்த நாள். அம்மாவுக்கு இடுப்புத் தழும்பு இழுத்துப்பிடித்துக் குனிய முடியாமல் போக, அதைப் பார்த்துவிட்டு இவள் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க இருக்காங்களா அத்தை?"

"கீர்த்தனாவா? ஆடிக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிருக்காள்ல. மொத ஆடி. ஒண்ணாந் தேதி வந்து சீரோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆவணி பொறந்து நல்ல நாளு பாத்துக் கூட்டிட்டு வரணும்." குரல் தாழ்ந்தது. "ஏத்தா, எங்க மேல வருத்தம் வச்சிக்காத. நாங்க பயந்துட்டோம். அம்புட்டுதான்."

"போன வைக்கிறேன் அத்தை" என்றாள் ஜீவிதா. 'இனிமே தட்டாதீங்க' என்பதைச் சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை ஆரிபா போன் செய்தார். குதிகால் எப்படி, ஷூ வாங்கியாச்சா, ரெண்டாயிரத்துக்கு மேல போகக் கூடாது என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, "யாரு நம்பருடா போடணும்?" என்றார்.

"நம்பரு அதே இருக்கட்டும் மேடம். பேர மட்டும் மாத்துங்க. கீர்த்தனா."

"அது யாரு?"

"அந்தப் போன் இப்ப அவங்ககிட்டதான் இருக்கு. நாலு மாசமா தட்டுனது அவங்கதான்."

"அவங்க சம்மதம் கேக்கணுமே. சட்டம் இருக்கு."

"தெனமும் குடுத்துக்கிட்டுத்தான மேடம் இருந்தாங்க. ஊருலருந்து வந்ததும் நீங்களே கேட்டுக்கங்க. அதுவரைக்கும் எடுத்துடாதீங்க."

கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "சரி. உறவு கேக்குது. என்ன போடட்டும்?"

ஜீவிதா யோசித்தாள். மாமா மகனைக் கட்டியவள். முறை மாப்பிள்ளையின் மனைவியை எந்த முறையில் கூப்பிடுவது என்பதில் அகரத்துக்கும் வடமதுரைக்கும் சந்தேகமே கிடையாது. தன் இடத்தில் வந்து நிற்கிறவள் வேறு யாராக இருக்க முடியும்?

"தங்கச்சி" என்றாள்.

மிச்ச ஆடியில் ஒருவரும் தட்டவில்லை. தட்டமாட்டார்கள் என்று தெரிந்தே நடந்தாள். தெரிந்து நடப்பது வேறு மாதிரி இருந்தது. கால் நடந்தது, மனசு கூட வரவில்லை. அப்பா திண்டுக்கல்லிலிருந்து வாங்கி வந்து அறை வாசலில் வைத்துவிட்டுப் போன ஷூ ஒரு சுற்றுப் பெரிது. முனையில் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டாள். "பட்டாளத்துல சேந்துட்டியாத்தா?" என்றாள் அன்புமணி. ஜெராக்ஸ் கடையில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பாலத்துக்குப் பாதியில் ஒரு மைல்கல் உண்டு. ரெண்டாயிரம் என்பதால் அதுவரைதான் போனாள். திரும்பும்போது சில நாள் அந்தக் கல்மேல் உட்கார்ந்து, சித்தையன்கோட்டையில் ஓர் ஆத்தா வீட்டில் ஒரு பெண் எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்துப் பார்ப்பாள். அங்கே சத்தம் நிறைய இருக்கும். அக்கா தங்கைகள் இருப்பார்கள். மடியில் தலையை வைத்துப் படுத்திருப்பாள். இவள் ஞாபகம் வர வேண்டிய அவசியம் என்ன?

ஆவணி பிறந்தது. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஆவணி நாலாம் தேதி, ரெண்டாயிரத்து நூற்று நாற்பது அடி. எட்டு மணிக்கு மாத்திரை. தண்ணீர் தொண்டையைத் தாண்டி இறங்கியது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். வாசலிலிருந்து அப்பாவின் குரல், யாருக்கென்று இல்லாமல், வந்தது.

"வடமதுரையில தூறலாம்."

இப்போதெல்லாம் அவர் அதைச் சத்தமாகப் படிக்கிறார். இவள் "ம்" என்கிறாள்.

எட்டு இருபதுக்குப் போன் சிணுங்கியது.

ஜீவிதா அதை உடனே எடுக்கவில்லை. மஞ்சள் கைகள் தட்டிவிட்டு ஓய்ந்தன. கீர்த்தனா வந்துவிட்டாள். அவளை அழைத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அவன் போயிருப்பான். கூடத்தில் நாடகம் ஓடும். அடுப்படியில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், ஒருத்தி அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். கைதட்டல் வந்ததில் ஏற்பட்ட சந்தோஷத்தை அப்படியே அனுபவிக்க ஜீவிதாவால் முடியவில்லை. தட்டல் வருகிறது என்றால் அங்கே ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

திருப்பித் தட்ட வழி உண்டா என்று செயலியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லை. நடப்பவர் தட்ட முடியாது. நடக்கத்தான் முடியும்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முனையில் துணி அடைத்த ஷூவை எடுத்து, நாளைக் காலைக்குக் கட்டிலோரத்தில் ஜோடியாக வைத்தாள்.